ஏரோத்ரான் பாதை: கட்டுரையில் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்சின் ஓர்லியான் நகருக்கு வடக்கே கைவிடப்பட்டுக் கிடக்கும் ‘ஏரோத்ரான்’ என்ற அதிவேக வண்டியின் பரீட்சார்த்தப் பாதையைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை, மகளைப் பார்க்கப் போன இடத்தில் நானே நேரில் கண்ட ஒன்றைத் தமிழில் அச்சிற் காண்கிற சந்தோசத்தில் வாசித்தேன். இரண்டாம் தடவை பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டியதாயிற்று. அந்த வண்டி காந்தத்தால் மிதந்தது என்றும், எதிர்பார்த்த வேகத்தை எட்டாதபடியால் அரசாங்கம் அதைக் கைவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரண்டும் பிழை.

ஜோன் பெர்த்தன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய அந்த வண்டிக்குக் காந்தமும் இல்லை, சில்லும் இல்லை. விசிறிகள் அடிப்பக்கமாகத் தள்ளிய காற்று, வண்டியைப் பாதைக்குச் சற்று மேலே தூக்கி வைத்திருந்தது. பாதையின் நடுவில் நெடுகிலும் எழுப்பப்பட்ட கொங்கிறீற் சுவர், வண்டி பக்கவாட்டில் விலகாமல் பார்த்துக்கொண்டது. எண்பது பேர் இருக்கக்கூடிய பெரிய வண்டியை முதலில் விமானங்களில் உள்ளது போன்ற சுழல்விசிறி கொண்டு ஓட்டினார்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பயணிகள் விமானங்களுக்குப் பொருத்துகிற வகையான ஜெற் இயந்திரத்தைப் பூட்டினார்கள். 1974 மார்ச் 5 ஆம் திகதி அது மணிக்கு 430.4 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் தரையை ஒட்டி இந்த வேகத்தில் போன ஒன்றை ‘வேகம் போதாத வண்டி’ என்று எழுதுவதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை.

நான் அங்கே போனது ஓர் ஆகஸ்ட் மாதம். கோதுமை அறுவடை முடிந்த வயல்வெளி, மேடுபள்ளம் எதுவும் இல்லாமல் அடிவானம் வரையில் கிடந்தது. அதற்கு நடுவே, நிலத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மீற்றர் உயரத்தில், வரிசையாக நின்ற தூண்களின் மேல் அந்தப் பாதை போய்க்கொண்டே இருந்தது. உழவு இயந்திரங்கள் தடையின்றிக் குறுக்கே போகவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு உயர்த்திக் கட்டினார்களாம். சாரான் என்ற ஊரிலிருந்து ருவான் வரையில் 18 கிலோமீற்றர்; 1969 இல் கட்டி முடித்தது. பக்கங்களில் கறை படிந்திருந்தாலும் தூண்கள் உறுதியாகவே நின்றன. எந்தக் குண்டும் விழாமல், எவரும் உடைக்காமல் ஒரு பாதை சும்மா இருந்தே பழசாகிப் போவதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

பேரன் படம் எடுப்பதற்காகத் தூண்களின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த பற்றைக்குள் இறங்கினான். என்னையறியாமல் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். வழியை விட்டு இறங்குவதற்கு முன்னர் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை எங்கேயாவது நிற்கிறதா என்று பார்த்தே பழகிய கண்ணுக்கு, அது பிரான்ஸ் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. ‘நீங்களும் உங்கள் ஊரில் கைவிடப்பட்ட இடங்களைத் தேடிப் புறப்படுங்கள்’ என்று இளைஞர்களை அழைக்கும் கட்டுரையாளர், முகமாலைப் பக்கத்தில் இன்னும் ஏன் கண்ணிவெடி அகற்றுகிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

இனி, கட்டுரை தொடாமல் விட்ட விடயத்துக்கு வருகிறேன். நான் புகையிரதப் பகுதியில் பொயின்ற்காரனாக வேலை செய்தவன். வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றப் பாதைக்கு மாற்றிவிடுவதுதான் என்னுடைய தொழில். அதனால் அந்த மேம்பாதையை அண்ணாந்து பார்த்தபோது, நான் முதலில் தேடியது பொயின்ற் எங்கே இருக்கிறது என்பதைத்தான். இல்லை. நடுவிலே சுவர் எழுந்து நிற்கிற பாதையில் வண்டியைப் பிரித்துவிடுவதென்றால் அந்தக் கொங்கிறீற்றையே நகர்த்த வேண்டும். இரண்டு அந்தங்களிலும் வண்டியைத் திருப்புவதற்கு வட்டமேடைகள் அமைத்திருந்தார்கள். ஒரேயொரு வண்டியை ஓட்டிப் பார்க்க அது போதும். எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் விலகுவதற்கு மாங்குளத்தில் இருந்த லூப் பாதையைப் போல ஒன்று அங்கே தேவைப்படவே இல்லை. ஆனால் ஊரை ஊரோடு இணைப்பதென்றால் கதை வேறு. ஏற்கெனவே இருக்கிற தண்டவாளத்தில் அது ஓடாது. பாரிஸ் நகரத்துக்குள் நுழைவதற்கும் புதிதாக ஒரு மேம்பாதை கட்டவேண்டும். அதற்குப் போட்டியாக இருந்த ரீ.ஜீ.வீ. என்ற அதிவேகப் புகையிரதமோ, நகரத்துக்கு வெளியே புதிய பாதையில் வேகமாக ஓடிவிட்டு, நகரத்துக்குள் பழைய தண்டவாளத்தில் ஏறிப் பழைய நிலையத்திலேயே போய் நின்றது.

இதனோடு 1973 இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ரீ.ஜீ.வீ.யை மின்சாரத்துக்கு மாற்ற முடிந்தது. ஜெற் இயந்திரம் எரிபொருளைக் குடித்தது, இரைச்சலும் பெரிது. அரசியலும் இல்லாமல் இல்லை. 1974 ஏப்ரிலில் ஜனாதிபதி பொம்பிடு காலமானார். மே மாதத் தேர்தலில் ஜிஸ்கார் தெஸ்தேன் வென்றார். ஜூன் 21 ஆம் திகதி, பாரிசின் புறநகரில் செர்ஜிக்கும் லா டெபோன்சுக்கும் இடையில் ஏரோத்ரான் பாதை அமைப்பதற்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஜூலை 17 ஆம் திகதி அது இரத்துச் செய்யப்பட்டது. நான்கு கிழமைகூட ஆகவில்லை. பெர்த்தன் அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். 1977 இன் கடைசியோடு ஓட்டங்களும் நின்றுபோயின. கொட்டகையில் கிடந்த அந்தப் பெரிய வண்டி 1992 இல் தீயில் எரிந்தது. ‘வேகத்தை எட்டவில்லை, ஆகவே கைவிட்டார்கள்’ என்று இவ்வளவையும் ஒரு வரியில் முடிப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

கைவிடப்பட்ட பாதை என்றால் என்ன என்று வன்னியில் இருக்கிறவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1990 இல் வண்டி நின்ற பிறகு, வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய், மண்கரை மாத்திரம் எஞ்சிக் கிடந்தது. அந்தக் கரையில் மாடு மேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இனி இதில் வண்டி வரும் என்று அந்த நாளில் எவராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி வந்தது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து வருகிற அதே ஐந்தரை அடி அகலப் பாதையில் விடுபட்டுப்போன துண்டுதான் இது என்பதால், மறுபடி தண்டவாளம் போட்டதும் இரண்டு பக்கமும் பொருந்திக்கொண்டன. ஓர்லியானின் 18 கிலோமீற்றருக்குப் பொருந்துவதற்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. பிற்காலத்தில் அதைப் பாரிஸ் வரையில் நீட்டும் எண்ணம் இருந்தது. அது எண்ணத்தோடு நின்றுவிட்டது. புதிய நெடுஞ்சாலை ஒன்றுக்கு வழிவிடுவதற்காக நடுவில் ஒரு பகுதியை உடைத்தும் விட்டார்கள்.

நாங்கள் திரும்பப் புறப்பட்ட நேரத்தில், மேம்பாதைக்குச் சமாந்தரமாகப் போகும் பாரிஸ்–ஓர்லியான் பாதையில் ஒரு சாதாரண வண்டி போயிற்று. 1843 இல் திறந்த பாதை அது. பேரன் அதைப் படம் எடுக்கவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் காந்தம் பற்றிய தகவலையும், வேகம் பற்றிய தகவலையும் திருத்திப் பிரசுரிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர்,
மாங்குளம்.