அம்மா ஏன் ஏழு மணிக்குப் போனில் அகப்படுவதில்லை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலைக்கு மாறிய பிறகு இரவு ஒன்பதரைக்குத்தான் நேரம் கிடைக்கிறது, மூன்று நாளாக எடுத்துப் பார்க்கிறேன், அம்மாவின் போன் பிஸியாகவே இருக்கிறது, ஏதும் நடந்துவிட்டதா என்று பதறிப்போய் எழுதியிருக்கிறாய். ஒன்றும் நடக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் உன் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன். போன் பிஸியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கீழே சொல்கிறேன்.

அம்மாவைக் கனடாவுக்கு எடுப்பதா, மட்டக்களப்பில் நல்லதொரு முதியோர் இல்லம் பார்ப்பதா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

நம்ம பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே. உனக்குக் கலியாணம் பேசும்போது அப்பா கட்டித் தந்த வீடு அது. தாய் தகப்பன் கடைசிவரை மகளோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம்ம ஊரில் எல்லாரும் வீடு கட்டினார்கள். மகள் கடல் கடந்து போவாள் என்று அப்போது யார் நினைத்தார்கள்? இப்போது வாவியின் கிழக்குப் பக்கமான நம்ம எழுவான்கரையில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இதுதான் கதை: வீட்டு உறுதிப் பத்திரம் மகளின் பெயரில், மகள் டொரொண்டோவிலோ சுவிஸிலோ கட்டாரிலோ, வீட்டில் தாய் மட்டும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அதற்குப் பிறகு பிள்ளைகள் போனது கூடியதே தவிரக் குறையவில்லை.

கோயிலடித் தபால்கார மாமாவை உனக்கு நினைவிருக்கும். முந்தின மாரியில் அவர் படுக்கையிலேயே இறந்துபோனார். இரண்டாம் நாள்தான் அயலுக்குத் தெரிந்தது. தெரிந்த ஒரு மணித்தியாலத்துக்குள், செத்த வீட்டு வேலைகளைப் பார்க்கிற மரணாதாரச் சங்கம் வந்து நின்றது. கதிரை வந்தது, தறப்பாள் வந்தது, தேத்தண்ணிக் கிடாரம் அடுப்பில் ஏறியது. நாற்பது பேர் ஓடி ஓடி வேலை செய்தார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். ஆனால் அதற்கு முந்தின இரண்டு கிழமையில் அந்த வேலிக் கடப்பைத் திறந்து உள்ளே போனவர் ஒருவருமில்லை, நானும் போகவில்லை. எட்டுச் சடங்கு முடிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. செத்த வீட்டுக்கு இவ்வளவு ஒழுங்காக வரத் தெரிந்த ஊருக்கு, உயிரோடு இருக்கிறவரிடம் போக ஒரு ஒழுங்கு இல்லாமல் போயிற்றே என்று அழுதேன்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழும்பி அதைச் சொன்னேன். தலைவர் மறுப்புச் சொல்லவில்லை. தனியாக இருக்கிறவர்களின் வீட்டுக்குப் போகிற எங்கள் வேலை அப்படித்தான் தொடங்கியது. புதிதாகச் சங்கம் எதுவும் பதியவில்லை. கிராம சேவையாளர் பிரிவில் ஏற்கெனவே முதியோர் சங்கம் இருக்கிறது, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டமும் இருக்கிறது. கூட்டத்துக்கு வர முடியாதவரின் வீட்டுக்கு யார் போவது என்பதுதான் குறையாக இருந்தது.

நீ அனுப்பிய பொஸ்டன் கட்டுரையை, தாதியாக இருந்த நம்ம மிஸியும் நானும் சேர்ந்து வாசித்தோம். அங்கே பீக்கன் ஹில்லில், வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்க அயலவர்கள் கூடி 2002இல் தொடங்கிய ஏற்பாடு, வருடச் சந்தா, எதற்கும் ஒரே தொலைபேசி எண். சந்தா இங்கே சரிவராது, காசு கட்ட ஏலாதவர்தான் அதிகம் தனியாக இருக்கிறார். ஆனால் 'ஒரே எண்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற மிஸியின் போன்தான் அந்த எண். கேரளாவில் மலப்புறம் பக்கத்தில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அயலவர் வலையமைப்புதான் எங்களுக்கு இன்னும் கிட்டவாகப் பட்டது. அங்கே வாரத்தில் 2 மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய சாதாரண மனிதர்களைப் பழக்கி, தீராத வருத்தக்காரரின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். தாதியும் டாக்டரும் பின்னால் நின்றார்கள். இரண்டு மணித்தியாலம் யாரிடம் இல்லை?

எங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வீடு, போகிற நாள் மாறாது. அந்த மாறாத நாள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். 'ஏதும் தேவையென்றால் சொல்லுங்கோ' என்று சொல்லிவிட்டு வந்தால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நம்ம தாய்மார் கேட்டுப் பழகியவர்களா? செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் வருவேன் என்றால், திங்கட்கிழமையே மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: பல்ப் போய்விட்டது, குளிசை முடியப்போகிறது, கரண்ட் பில்லில் ஏதோ எழுதியிருக்கிறது.

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் கிளினிக் நாளென்றால் இளம் பொடியன் ஒருவன் விடியவே போய் நம்பர் எடுத்து வைப்பான், பிறகு ஆட்டோவில் ஆளைக் கூட்டிப்போவோம். அடுத்த பெரிய வேலை பாசி உரஞ்சுவது. உண்மையாகத்தான் சொல்கிறேன். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்ம வளவுகளில் கிணற்றுக்கட்டு ஒரு மூலையில், மலசலகூடம் இன்னொரு மூலையில், இடையில் மாரி மழையில் பாசி பிடித்த தரை. ஒரு தடவை இடுப்பெலும்பு முறிந்தால் சொந்த வீட்டில் இருப்பது அதோடு முடிந்துபோகலாம். ஆகவே மழைக்கு முன் உரஞ்சுகிறோம், பின்கதவிலிருந்து மலசலகூடம் வரை பிடித்து நடக்க இரும்புக் குழாய் போட்டுக் கொடுக்கிறோம், இராவுக்கு ஒரு லைட். உன் வீட்டிலும் போட்டாயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம். பாங்குப் புத்தகம், நகை, காணி உறுதி எதையும் நாங்கள் தொடுவதில்லை. ஏதாவது வாங்கினால் கொப்பியில் எழுதி, பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுகிறோம். உறுதி வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் பெயரில் இருக்கும்போது சந்தேகம் வர அதிக நேரம் எடுக்காது. அது ஒரு தடவை வந்தால் அதற்குப் பிறகு எந்தக் கடப்பும் எங்களுக்குத் திறக்காது.

சரி, அம்மாவின் கதைக்கு வருகிறேன். முதல் தடவை போனபோது எங்களை உள்ளே விட்டார், வெற்றிலைத் தட்டமும் வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. "நான் என்ன ஏலாவாளியா மனே? சோறு காய்ச்ச ஏலும், தண்ணி அள்ள ஏலும். ஏலாத ஆக்கள் இருப்பாங்க, அங்க போங்க." இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை மிஸி வேறு விதமாகப் பேசினார். காலையில் தனியாக இருக்கிறவர்களுக்குக் கோல் எடுத்து விசாரிக்க ஆள் தேவை, எல்லாரையும் தெரிந்தவராக இருக்க வேண்டும், எங்களில் ஒருவருக்கும் உங்கள் அளவுக்கு ஊரைத் தெரியாது என்று. அது முழு உண்மை. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எத்தனை பேருக்கு எடுக்கணும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலை 7 மணிக்கு எட்டுப் பேர். கொப்பியில் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு புள்ளி. உன்னிடம் சொல்லவில்லையாம், "ஊர் வேலையெல்லாம் உனக்கு எதுக்கு எண்டு பிள்ளை ஏசும்" என்றார். ஏசாதே. மார்கழி மழையில் ஒரு காலை குளத்தடிப் பெத்தாவின் போன் இரண்டு தரம் அடித்தும் எடுபடவில்லை. அம்மா உடனே மிஸிக்கு எடுத்தார், பொடியன் மோட்டார் சைக்கிளில் போனான். கிணற்றடியில் விழுந்து கிடந்திருக்கிறார், இடுப்பெலும்பு முறிவு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது வோக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார். அந்தக் கோல் இல்லையென்றால் அன்று பின்னேரம்வரை மழையிலேயே கிடந்திருப்பார்.

அம்மாவுடைய கடப்பையும் இப்போது நாங்கள் தயக்கமில்லாமல் திறக்கிறோம். போன கிழமை குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏற்றி மண்டூர் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். நாலு வருடமாகப் போகவில்லையாம். தோணிக்காரர், அயலாட்கள், கோயிலில் எல்லாருக்கும் உன்னைப் பற்றிச் சொன்னார்.

எங்களால் ஏலாததையும் உனக்கு எழுத வேண்டும். மறதி முற்றி இரவில் எழும்பி வெளியே போகிறவரை, புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டியவரை வாரத்தில் ஒரு நாள் போகிற நாங்கள் பார்க்க முடியாது. தெற்கு ஒழுங்கையில் ஒரு ஐயாவை அவருடைய மகன் இல்லத்தில் சேர்த்தார். அழுதுகொண்டுதான் சேர்த்தார், அது பிழையென்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் அப்படி ஒரு காலம் வந்தால் மறைக்காமல் எழுதுவேன். இப்போது பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, கண்தான் கொஞ்சம் மங்கல், அடுத்த மாதம் காட்டப் போகிறோம்.

காசு அனுப்பவா என்று கேட்டாய். வேண்டாம். கிழமை நாட்களின் பெயர் பெரிதாகப் போட்ட குளிசைப் பெட்டி அங்கே கிடைக்குமென்றால், யாராவது வரும்போது பத்துப் பதினைந்து கொடுத்துவிடு.

நீ ஒன்பதரைக்கு எடுக்கும்போது இங்கே காலை ஏழு. இனிமேல் பத்தரைக்கு எடு. அப்போது எட்டு மணி, கொப்பியை மூடி வைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்திருப்பார். நவம்பரில் உங்கள் மணிக்கூடு மாறிய பிறகு பழையபடி ஒன்பதரைக்கே எடுக்கலாம்.

அன்புடன்,
உன் தோழி