வாத்தைக் கூப்பிடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது. மற்றதெல்லாம் அக்கா போனில் சொல்லியிருப்பாள்.

அவள் போனில்தான் உன் வீடியோவைப் பார்த்தேன். அமெரிக்காவில், அர்கன்சாவில் மரங்களுக்கு நடுவே தொடையளவுத் தண்ணீரில் நின்று, வேட்டைக்கு வாத்தை வரவழைக்கும் குழல் ஊதுகிறாய். நன்றாகத்தான் ஊதுகிறாய். ஆனால் கன்னம் உப்புகிறது. காற்று அடிவயிற்றிலிருந்து வரட்டும். பறவை உன்னைப் பார்த்து வரும்போது எதற்கு இத்தனை சத்தம்? வருவதை வர விடு. திரும்பிப் போகிறது, வால் தெரிகிறது, அப்போது நாலைந்து குரல் போதும். முதல் குரல் நீளம், அடுத்தடுத்தது தணிவு. சோலைத் தாத்தா குழலே இல்லாமல் தொண்டையாலேயே புள்ளிமூக்கு வாத்தை இறக்குவார். உன் ஊர் மல்லார்டு வாத்துக்கும் அதற்கும் குரல் ஏறக்குறைய ஒன்றுதான். உரக்கக் கத்துவது பெட்டை, ஆணுக்குக் கம்மிய குரல்.

உன் அர்கன்சாவிலேயே ஸ்டட்கார்ட் என்கிற ஊரில் 1936லிருந்து இதற்கு உலகப் போட்டியே நடக்கிறதாமே. என் பிள்ளை போனால் ஜெயித்துவிடுவான் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீடியோ எடுத்தது யார்? போனை மரத்தில் சாய்த்து வைத்தது போல இருக்கிறது. தனியாகப் போகாதே. நெஞ்சுவரை போடுகிற அந்த ரப்பர் உடுப்புக்குள் பனித் தண்ணீர் புகுந்தால் எழுந்து கரையேறுவது லேசில்லை. போன வருஷம் படகில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. இதில் இல்லை. அம்மாதான் கேட்டாள். நான் கேட்கவில்லை. யாரையாவது கூட்டிக்கொண்டு போ. பொங்கலன்று போன் எடுக்காததையும் நான் கேட்கவில்லை.

உயிர் வாத்தைக் கட்டிப்போட்டு மற்றதை வரவழைப்பதை அங்கே 1935லேயே தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு தடவை சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. தாத்தா கண்மாயில் கட்டியது நம் வீட்டு வாத்தைத்தான். கயிறு என் கையில். எனக்கு ஒன்பது வயது. காலை உதறி உதறி அது கத்தும். மேலே சுற்றுகிறதுகள் நம்பி இறங்கும்.

2016 ஆவணியில் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று போன் பண்ணினேனே, அது வெறும் வாயு, தம்பி. உன்னைப் பெண் பார்க்க வரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மா மாட்டேன் என்றாள். நான்தான் போனை அவள் கையில் திணித்து, ஒரு வார்த்தை முனகு என்றேன். நீ தோள் பையைக்கூட இறக்காமல் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாய். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். நாலாம் நாள் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை. அவளிடமும் சொல், சொல்ல முடிந்தால்.

எள்ளுருண்டை அனுப்பியிருக்கிறேன். தனியாகப் போகாதே.

இப்படிக்கு,
அப்பா

அம்மா நன்றாக இருக்கிறாள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.