வானொலியில் ஒலித்த முதல் குரல்

ஆசிரியருக்கு,

பெண் விளையாட்டு வர்ணனையாளர்கள் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் வானொலியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அமெரிக்காவின் சூசின் வால்ட்மனுக்கு அதில் இடம் கொடுத்திருக்கலாம்.

1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற வானொலி நிலையம் தொடங்கியது. 24 மணி நேரமும் விளையாட்டு மட்டுமே பேசிய முதல் வானொலி அது. அதில் முதலில் ஒலித்த நேரலைக் குரல் இவருடையது. அதற்கு முன் அவர் இசை நாடக நடிகை! பேஸ்பால் வீரர்களின் உடைமாற்றும் அறையில் ஒரு பெண் பேட்டி எடுக்க மைக்கோடு நிற்பதே அன்று பலருக்குப் பொறுக்கவில்லை. ஏச்சும் மிரட்டலும் வந்தன. அவர் நகரவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். 1985-இல் நியூயார்க்கின் பேஸ்பால் அணியான யாங்கீஸின் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர், பயிற்சியாளர் யோகி பெராவை 16 ஆட்டங்களிலேயே நீக்கினார். அதையும் நேரில் சொல்லாமல் ஆள் விட்டுச் சொன்னார். அதன் பிறகு பெரா யாங்கீஸ் மைதானத்துப் பக்கமே போகவில்லை. 14 வருடப் பகை. 1999-இல் இருவரையும் நியூஜெர்சியில் சந்திக்க வைத்தவர் வால்ட்மன்தான். பேட்டி எடுக்க வந்தவர் பஞ்சாயத்தும் செய்து வைத்தார் என்று சொல்லலாம்!

2005 முதல் வால்ட்மன் யாங்கீஸ் ஆட்டங்களுக்கு முழுநேர வானொலி வர்ணனையாளர். 2022-இல் வானொலிச் சாதனையாளர்களுக்கான அமெரிக்கப் புகழரங்கிலும் சேர்த்தார்கள், தாமதமாக.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: 1970-களிலேயே கிரிக்கெட் வர்ணனை செய்த நம் சந்திரா நாயுடு பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

வாசகர், கும்பகோணம்