மாந்தோல் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

போன மாதம் பெங்களூரிலிருந்து போன் செய்து, "மாங்கூழ் ஆலையில் தோல் சும்மா கிடக்கிறது, கோழிக்குப் போட்டால் தீவனச் செலவு பாதியாகும்" என்றாயே, செய்து பார்த்தேன். ஆலையிலிருந்து பெங்களூரா மாம்பழத் தோலும் கொட்டையும் ஒரு டெம்போ நிறைய வந்து இறங்கியது. காசு இல்லை, வண்டி வாடகை மட்டும்தான். மறுநாளே குவியல் புளித்து நாறியது. மூன்றாம் நாள் பூஞ்சணம். கோழிகளோ ஈரத்தோலை ஆசையாகத் தின்று இரைப்பையை நிரப்பிக்கொண்டு, தட்டில் வைத்த தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 60 கோழிக்குத் தினம் 50 முட்டை எடுத்தவள் 38 எடுத்தேன். "நல்ல மிச்சம்" என்று சொல்லிவிட்டு அப்பா திண்ணைக்குப் போய்விட்டார்.

கால்நடை டாக்டரிடம் கேட்டேன். முட்டைக் கோழித் தீவனத்தில் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பங்கு புரதம் வேண்டுமாம். தோலில் அது கொஞ்சம்தான், மீதி தண்ணீரும் நாரும். பூஞ்சணம் பிடித்ததோ ஈரலையே கெடுக்குமாம். மிச்சக் குவியலை எருக்குழியில் தள்ளிவிட்டேன்.

அப்புறம் புதுத் தோலை வாங்கி, அன்றைக்கே மெல்லிசாகத் தார்ப்பாயில் பரப்பினேன். கையில் நொறுங்கும் வரை காய வேண்டும். ஐந்து கூடை காய்ந்தால் ஒரு கூடைதான் மிஞ்சுகிறது. அதை மில்லில் அரைத்து, 100 கிலோ தீவனத்துக்கு 5 கிலோ கலந்தேன். முட்டை குறையவில்லை. கொட்டையைச் சேர்க்கவில்லை. அதன் பருப்பிலுள்ள துவர்ப்பு, தின்ற புரதத்தைச் செரிக்க விடாதாம். ஊறவைத்து வேகவைத்துப் போடலாம் என்கிறார்கள். விறகுக்கு யார் காசு கொடுப்பது?

மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும் என்று நம்பினேன், வரவில்லை. மாம்பழத்தின் மஞ்சளில் பெரும்பங்கைக் கோழி தன் உடம்பிலேயே வைட்டமின் ஏ ஆக்கிவிடுகிறதாம். கருவுக்கு நிறம் ஏற்றுவது மஞ்சள் சோளமும் கீரையும் செண்டுமல்லியும்தான். சந்தையில் விலை போகாத செண்டுமல்லியைக் காயவைத்துப் போட்டேன், பத்து நாளில் நிறம் மாறிவிட்டது.

சரி, கணக்கைக் கேள். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்னும். 60 கோழிக்கு ஆறரை கிலோ சொச்சம். அதில் மாந்தோல் முந்நூறு கிராம்தான். நீ சொன்ன பாதி எங்கே, இது எங்கே! ஆனாலும் சும்மா வருவதை விடுவானேன்? சீசன் முடியும் வரை காயப்போடுவேன்.

உன் அறைக்குப் பக்கத்து ஜூஸ் கடைக் கழிவை மட்டும் மூட்டை கட்டிவிடாதே. அதில் பட்டர் ஃப்ரூட் தோலும் கொட்டையும் இருக்கும், அது கோழிக்கு விஷம். வரும்போது நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கி வா. பழையதைக் குரங்கு கிழித்துவிட்டது.

அன்புடன்,
அம்மா