மொடக்குறிச்சியைப் பாடத்தில் சேர்க்கலாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஜனநாயகம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்கிறார்கள். சாயங்காலம் எங்கள் திண்ணைக்குப் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஓட்டுப் போடறதுங்க டீச்சர்."

அப்புறம்?

"யாருக்கு நிறைய ஓட்டோ, அவங்க சொல்றதுதானுங்க."

சரி, உங்கள் வகுப்புத் தலைவன் எப்படி வந்தான்? "நல்லாப் படிக்கிறான்னு சார் வெச்சுட்டாருங்க." வேலையில் இருந்த காலம் முழுக்க நானும் அப்படித்தான் வைத்தேன். அந்த சாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

குடவோலை என்றால் உத்திரமேரூர், பராந்தக சோழன் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். பக்கத்து மொடக்குறிச்சியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் நடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கள் குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது, தேர்தலே தள்ளிப்போனது. அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை என்றதும், "அவங்க ஓட்டையாவது அவங்களுக்கே போட்டிருக்கலாமில்லீங்க?" என்றாள் ஒருத்தி. "ஜெயிக்கவா நின்னாங்க?" என்று மடக்கினான் ஒரு பையன். அதே ஆண்டு சட்டமன்றத்துக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்களே, அது சரியா என்று கிளம்பிய சண்டை விளக்கு வைத்த பிறகும் ஓயவில்லை. குடவோலைக்கு இப்படி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் பள்ளியைப் பூட்டிவிடுகிறார்கள். அன்றே ஊரில் கிராம சபையும் கூடுகிறது. நாலு பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். தீர்மானத்தை வாசிப்பதற்கு முன்பே கையெழுத்து நோட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தது. பள்ளித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்கக் கை தூக்கிய பெண்ணிடம், "ஓட்டு வந்தப்புறம் வா கண்ணு" என்றார் ஒரு பெரியவர். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் சபை உறுப்பினர்கள், அவர் சொன்னது சட்டப்படி சரி. ஓட்டுள்ள நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்காக நானாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடியேற்றிய கையோடு கிராம சபைக்கு அழைத்துப்போய் உட்காரவைக்கப் பள்ளிக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். வரவுசெலவு வாசிப்பதைக் காதால் கேட்கட்டும். வகுப்புத் தலைவனையும் அவர்களே ஓட்டுப் போட்டு வைத்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு அந்தப் பெண் கேள்வியை எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள். எழுந்து வாசிப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
எழுமாத்தூர், ஈரோடு மாவட்டம்.