மூன்று ரிப்போர்ட்

திருநெல்வேலி
12.8.2021

அன்புள்ள அம்முவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ரிப்போர்ட்டையும் அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் கொரோனாக் காய்ச்சல் வந்த நாலாம் நாள் எடுத்த ஆன்டிபாடி டெஸ்ட், அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பே செய்யும் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, நெகட்டிவ். மே கடைசியில் எடுத்தது 148. போன வாரம் எடுத்தது 71. "பாதியாயிடுச்சும்மா, தீபாவளிக்குள்ள ஒண்ணுமே இருக்காது போல" என்று எழுதியிருக்கிறாய். 31 வருஷம் லேபில் ரத்தத்தோடு மல்லுக்கட்டியவள் சொல்கிறேன், கேள். மூன்றிலும் பயப்பட ஒன்றும் இல்லை. அந்த முதல் நெகட்டிவிலும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சல் வந்த மறுநாளே வைடால் டெஸ்டுக்கு, டைஃபாய்டுக்கான ஆன்டிபாடி டெஸ்ட் அது, எழுதி அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு பையனின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அவன் அம்மாவிடம் "டைஃபாய்டு இல்லம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதைச் சொல்வது என் வேலையே இல்லை. பத்து நாள் கழித்து அதே பையன், கண் உள்ளே போய், தோளில் துவண்டு வந்தான். அதே டெஸ்ட். கண்ணாடித் துண்டில் சொட்டு விட்டு ஆட்டினேன், பால் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாகத் திரண்டது. அப்போது எனக்குச் சீனியராக இருந்த அக்கா திட்டவில்லை. "கிருமி வந்த அன்னிக்கே ஆன்டிபாடி வந்து நிக்குமாடி?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து காய்ச்சலின் முதல் வாரத்து ரத்தம் எது வந்தாலும், ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் "ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கவும்" என்று எழுதாமல் நான் அனுப்பியதே இல்லை.

உன் ரிப்போர்ட்டில் அதை எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆர்டிபிசிஆர் தேடுவது வைரஸை. இது தேடுவது வைரஸுக்கு உன் உடம்பு கொடுக்கும் பதிலை. பதில் வர நாளாகும்.

நாலாம் நாள் நீ போனில் என்ன சொன்னாய்? "கழுத்துல நெறி கட்டியிருக்கு, எச்சில் முழுங்க முடியல." அந்த நெறிக்குள்தான் வேலை நடந்துகொண்டிருந்தது. மூக்கிலும் தொண்டையிலும் இறங்கிய வைரஸின் துணுக்குகள் அங்கே வந்து சேரும். அங்கே இருக்கும் பி செல்கள், ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுக்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு வடிவத்தில் கொக்கி. எந்தக் கிருமியையும் பார்க்காமலே, குருட்டாம்போக்கில் அமைந்த கொக்கிகள். லட்சக்கணக்கில் இருந்தாலும் இந்த வைரஸுக்குப் பொருந்துவது மிகச் சிலதான். பொருந்தியது மட்டும் இரண்டு, நாலு, எட்டு என்று பெருக வேண்டும். ஆன்டிபாடி ரத்தத்தில் தெரிகிற அளவுக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். ஆன்டிபாடியிலும் வகை உண்டு. முதலில் வருவது ஐஜிஎம். ஐந்து ஆன்டிபாடி ஒட்டிப் பத்துக் கையோடு இருக்கும். ஒரு கையின் பிடி லேசானது, பத்துக் கை இருப்பதால் சமாளிக்கும். அப்புறம்தான் ஐஜிஜி என்பது பாடப்புத்தகக் கணக்கு. கொரோனாவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே, இரண்டாவது வாரத்தில் தலைகாட்டுகின்றன. எச்சிலிலும் மூக்குச் சளியிலும் காவல் நிற்கும் ஐஜிஏ தனி. உன் ரிப்போர்ட் அதைப் பார்ப்பதே இல்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். காய்ச்சல் விட்டு, நீ எழுந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்த பிறகும் அந்த நெறிக்குள் வேலை நிற்கவில்லை. பெருகிய பி செல்கள் தங்கள் கொக்கிக்கான மரபணுவை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதும். பெரும்பாலும் கெட்டுத்தான் போகும், கெட்டது செத்துப்போகும். தற்செயலாக எதற்காவது பிடி இறுகினால் அது மட்டும் பிழைத்து மறுபடி பெருகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இதே வேலை. உன் ஆச்சி களத்தில் உட்கார்ந்து பதரையும் கலப்பு நெல்லையும் ஒதுக்கி விதைநெல் எடுப்பாளே, அது மாதிரி. அதனால்தான் ஐந்தாவது மாதத்து ஆன்டிபாடி, முதல் மாதத்து ஆன்டிபாடியைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். உன் டெஸ்ட் எண்ணிக்கையைச் சொல்லுமே ஒழிய, பிடியைச் சொல்லாது.

இப்போது அந்த 148, 71 கதைக்கு வருவோம். முதல் வாரங்களில் ஆன்டிபாடியைக் கொட்டித் தள்ளும் செல்களுக்கு ஆயுள் குறைவு, வைரஸ் போனதும் அவையும் போய்விடும். ஐஜிஜியோ சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் கழிந்துவிடும். அப்படியென்றால் எண் குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படி விதைநெல்லாகத் தேறியதில் கொஞ்சம் செல்கள் மட்டும் எலும்பு மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்து, கொஞ்சமாக, ஆனால் விடாமல் சுரந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இதைத் தேடிப் பார்த்து இந்த வருஷம் மே மாதம் வெளியிட்டார்கள். கொரோனா வந்து ஏழெட்டு மாதமானவர்கள், பெரும்பாலும் லேசாக வந்துபோனவர்கள், 18 பேரின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்ததில் 15 பேரிடம் அந்தச் செல்கள் இருந்தன. ரத்தத்தில் ஆன்டிபாடி முதல் நாலு மாதம் மளமளவென்று இறங்கி, அப்புறம் மெதுவாக இறங்கி, 11 மாதத்திலும் இருந்திருக்கிறது. நீ இப்போது நிற்பது அந்த மளமள கட்டத்தில்தான்.

விதைநெல் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்றால், 1918 ஃபுளூவைச் சின்ன வயதில் பார்த்த 32 பேரின் ரத்தத்தைத் தொண்ணூறு வருஷம் கழித்துச் சோதித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தொண்ணூறு வயதுக்கு மேல். எல்லாரிடமும் அந்த வைரஸுக்கான ஆன்டிபாடி இருந்தது. 2008-இல் வந்த செய்தி. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உனக்கும் அப்பாவுக்கும் சொன்னேன், நீ டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்காக மறுபடி வராது என்று சொல்லவில்லை. மூக்கில் இருக்கும் காவல் சீக்கிரம் தளர்ந்துவிடும், வைரஸும் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது. டெல்டா உங்கள் மகாராஷ்டிரத்திலிருந்துதானே கிளம்பியது! மாஸ்க்கைக் கழற்றாதே.

இன்னொன்று. மே மாத ரிப்போர்ட் ஒரு லேப், போன வாரத்தது வேறு லேப். ஒவ்வொரு டெஸ்ட் கிட்டுக்கும் அளவு வேறு. படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாதி என்று சொல்கிறாய். இந்த டெஸ்ட் ஊரை எண்ணத்தான் லாயக்கு. போன மாதம் ஐசிஎம்ஆர் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்றார்களே, அதற்கு.

நீ குணமாகி மூன்று மாதம் ஆகிவிட்டது, தடுப்பூசிக்கு இனி தடை இல்லை. "ஏற்கெனவே இருக்கே, எதுக்கு?" என்காதே. வந்து போனவர்களுக்கு முதல் ஊசியிலேயே குபீரென்று ஏறுகிறது, விதை இருப்பதால்தான். ஆனால் கோவிஷீல்டு ஊசி உடம்புக்குக் காட்டுவது வைரஸின் மேலே முள் மாதிரி இருக்கும் ஸ்பைக் புரதத்தை மட்டும். சில கிட்டுகள் உள்ளே இருக்கும் வேறு புரதத்துக்கான ஆன்டிபாடியைத்தான் தேடும். அந்தக் கிட்டில் பார்த்தால் ஊசிக்குப் பிறகும் எண் ஏறாது. உடனே ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் போட்டு அழாதே.

ஊசி போட்ட அன்று காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தூங்கு. மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஸ்லாட் போடு. சர்டிஃபிகேட்டை மட்டும் அனுப்பு, ரிப்போர்ட் வேண்டாம்.

அம்மா