வட்டார வண்ண மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் மழைக்காலம் தவிர ஒழுங்காக நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் சென்னையில் மாதவரம், செங்குன்றம் பக்கம் மண் குளம் வெட்டி கோய், கோல்டு ஃபிஷ் விடுகிறவர்கள். கொளத்தூர்க்காரர்களின் மாடித் தொட்டிப் பிரச்சினையும் இந்தப் புதியவர்களின் குளத்துப் பிரச்சினையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்தன: தண்ணீர். அதனால் சங்கச் செலவில் வாங்கிய தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது வெயிலே தலைகாட்டவில்லை. பாசியால் தண்ணீர் பச்சையான குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. நோய் என்று நினைத்துப் பலர் மருந்துக் கடைக்கு ஓடினார்கள். மீனுக்கு நோய் இல்லை, மூச்சு முட்டல். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதைக் குடிக்கிறது. மேகமூட்டத்தில் பகல் வரவு குறைந்து, இரவுச் செலவு அப்படியே நிற்கும். மதியம் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். குளத்தின் உண்மை நிலை விடிவதற்குச் சற்று முன்தான் தெரியும்.

டிசம்பரில் ஒரு உறுப்பினர் குளத்தில் அந்த நேரத்தில்தான் பரிசோதித்துக் காட்டினோம். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மூடி, காற்றுக் குமிழி இல்லாமல் எடுக்க வேண்டும். பெட்டியில் உள்ள இரண்டு மருந்தையும் அதில் விட்டதும் பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகத் திரிந்தால் இல்லை. அன்று திரிந்தது கிட்டத்தட்ட வெள்ளை. உடனே அந்த உறுப்பினர் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரைப் போட்டு, அன்றைய தீனியை நிறுத்தினார், மீன் பிழைத்தது. ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது.

அடுத்தது, மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அமோனியா. இதை மட்டும் தனியாக அளந்து பயனில்லை, தண்ணீரின் அமில-கார அளவான பி.ஹெச்.சும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமில்லை. 9 என்றால் நூற்றில் நாற்பதுக்கு மேல் விஷம். பாசி மண்டிய குளத்தில் மாலை நேரத்தில் 9 சாதாரணமாக வரும். அப்படிப்பட்ட குளத்தில் "சுண்ணாம்பு போட்டால் சரியாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு கிளிஞ்சல் சுண்ணாம்பு போடாதீர்கள். சுட்ட சுண்ணாம்பு பி.ஹெச்.சை இன்னும் ஏற்றிவிடும். மழைக்குப் பின் காரத்தன்மை குறைந்திருந்தால் சுடாத வேளாண் சுண்ணாம்பே போதும். அமோனியாவுக்கு முதல் வைத்தியம் தீனியைக் குறைப்பது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுவது.

போர் தண்ணீர் விடுகிறவர்கள் கவனிக்க: நிலத்தடி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, சில இடங்களில் இரும்பும் உண்டு. மேலிருந்து தெளித்து விழ வைத்து, ஒரு நாள் நிறுத்திய பிறகே குளத்தில் விடுங்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறிய கதை நமக்குத் தெரியும். அங்கே உப்பை அளந்த பிறகே மீனைத் தேர்ந்தெடுங்கள். மோலி தாங்கும், கோல்டு ஃபிஷ் அந்த அளவு தாங்காது. குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் என்றால் குளோரினை எடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

பெட்டியை எடுத்துப் போகிறவர்கள் அளந்த எண்களை நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும் என்பது சங்க விதி. சிலர் எழுதாமலே திருப்பித் தருவது வருத்தமாக இருக்கிறது. ஒரு குளத்தின் போன மாத எண் இருந்தால்தான் இந்த மாத எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, மண் குளக்காரர்களுக்காக இன்னொரு பெட்டி வாங்குவது. இரண்டு, பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்கு எழுதி, தண்ணீர்ப் பரிசோதனையில் நம் உறுப்பினர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கேட்பது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்